வெளிவந்த ஆண்டு

என் தங்கையின் மகள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தவள், சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒரு நீளத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பங்கில் என்னென்ன நூல்கள் வெளிவந்தன என்ற பட்டியல். இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் நூல். 1776இல் அடம் சிமித்தின் நாடுகளின் செல்வம், அதே ஆண்டில் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாற்றின் முதல் பாகம். 1778இல் ஃபனி பேர்னியின் ‘எவலினா’. 1789இல் பிளேக்கின் களங்கமின்மைப் பாடல்கள். 1791இல் பொஸ்வெல் எழுதிய ஜோன்சனின் வாழ்க்கை. 1798இல் வேர்ட்ஸ்வேர்த்தும் கோல்ரிட்ஜும் தங்கள் பெயரைப் போடாமலே வெளியிட்ட கவிதைத் தொகுப்பு. 1799க்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு தடித்த கோடு.

“பிழை இருந்தால் சொல்லுங்கள், மாமா. நீங்கள் புரூப் பார்த்தவர்தானே.”

பார்த்தவன்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓர் அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, கலியாண அழைப்பிதழிலிருந்து கந்தபுராண வசனம்வரை புரூப் பார்த்திருக்கிறேன். ஈய எழுத்துக் காலத்திலேயே தொடங்கிவிட்டேன். அந்த அறையில் நான் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான பாடம், புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தை நம்பக் கூடாது என்பது. ஒரு கவிஞர் தன் தொகுப்பை அச்சுக்குக் கொடுத்தார். முதல் இரண்டு பாரம் ஓடியதும் காசு தீர்ந்துபோயிற்று. மிச்சம் மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஓடியது. ஆண்டு போட்ட பக்கம் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் பழைய ஆண்டே நின்றுவிட்டது. அந்தக் கவிஞரின் நூலை இன்றைக்கு யாராவது பட்டியலில் சேர்த்தால், இல்லாத ஓர் ஆண்டில்தான் சேர்ப்பார்கள்.

தாளை மூன்று முறை பார்த்தேன். எழுத்துப் பிழை இரண்டு. ஆண்டுகள் எல்லாம் சரி. “பிழை இல்லை. ஆனால் எங்கள் ஊர் இதில் இல்லையே” என்றேன்.

சிரித்தாள். “எங்கள் ஊர் எதற்கு மாமா இதில் வரப்போகிறது?”

நியாயமான கேள்வி. அந்தக் காலத்துத் திருகோணமலையைப் பற்றிக் கேட்டால் எவரும் கப்பல்களைத்தான் சொல்வார்கள். 1782 என்ற ஒரே ஆண்டில் இந்த ஊர் மூன்று கொடிகளைப் பார்த்தது. ஆண்டு பிறக்கும்போது கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். ஜனவரியில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் வந்து பிடித்தார். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரண்டு கடற்படைகளும் வெளிக்கடலில் மோதிக்கொண்டன. பிறகு சமாதானம் வந்து மறுபடி ஒல்லாந்தர், 1795 ஓகஸ்டில் மறுபடி ஆங்கிலேயர். இதையெல்லாம் பாடசாலையில் மனப்பாடம் செய்தோம். ஆனால் ஹியூஸின் கப்பலில் பீரங்கியோடு ஓர் எழுத்தாளரும் வந்து இறங்கினார் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

அவர் பெயர் ஹியூ பொய்ட். அயர்லாந்துக்காரர், 1746இல் பிறந்தவர். மெட்ராஸ் கவர்னர் மக்கார்ட்னியின் செயலாளர்களில் ஒருவராக 1781இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் வந்து சேர்வதற்கு முன்பே ஒரு சந்தேகம் அவர் நிழலைப்போல ஒட்டிக்கொண்டிருந்தது: ஜூனியஸ் இவர்தானோ?

ஜூனியஸ் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1769 ஜனவரியிலிருந்து 1772 ஜனவரிவரை லண்டனின் ‘பப்ளிக் அட்வர்டைசர்’ பத்திரிகையில் அந்தப் புனைபெயரில் கடிதங்கள் வந்தன. பிரதமரைக் கிழித்தார், பிரபுக்களைக் கிழித்தார், கடைசியில் 1769 டிசம்பரில் அரசருக்கே நேராக ஒரு கடிதம் எழுதினார். எழுதியவர் யார் என்று பத்திரிகையை அச்சிட்ட வூட்ஃபோலுக்கே தெரியாது. அரசாங்கம் கையில் கிடைத்த அச்சுக்காரரைப் பிடித்து வழக்குப் போட்டது. ஜூரிகளோ, “அச்சிட்டதும் வெளியிட்டதும் மட்டுமே குற்றம்” என்று ஒரு விசித்திரமான தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். அச்சிட்டது குற்றம்தான், ஆனால் அதில் அவதூறு இருக்கிறது என்று எங்கள் வாயால் சொல்ல மாட்டோம் என்பது அதன் பொருள். பின்னறையில் உட்கார்ந்திருந்த காலத்தில் இதைப் படித்திருந்தால் அந்த ஜூரிகளின் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பேன்.

ஜூனியஸ் யார் என்று நாற்பதுக்கு மேற்பட்டவர்களைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அறிஞர்களில் பெரும்பாலோர் பிலிப் பிரான்சிஸ் என்பவரைச் சுட்டுகிறார்கள். 1774இல் கல்கத்தாவுக்கு வந்து, 1780இல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்சோடு துப்பாக்கிச் சண்டை போட்டுக் குண்டடி பட்டவர் அவர். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பொய்ட்டின் பெயர் பலமாக அடிபட்டது. ஆக, லண்டனை நடுங்க வைத்த பேனா யாருடையது என்ற வழக்கின் இரண்டு முக்கியச் சந்தேக நபர்களும் வங்காள விரிகுடாவின் இரண்டு மூலைகளில் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் எங்கள் கரையில்.

கோட்டை விழுந்த அடுத்த மாதமே பொய்ட் கண்டிக்குப் புறப்பட்டார். ஒல்லாந்தருக்கு எதிராகக் கண்டி அரசரை ஆங்கிலேயர் பக்கம் இழுப்பதும், இங்கே நிற்கும் படைக்கு உணவுக்கு வழிசெய்வதும்தான் வேலை. காட்டு வழி. சேர்வதற்குள் நிலைமை மாறிவிட்டது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஜனவரியில் இறந்துபோயிருந்தார். தம்பி ராஜாதி ராஜசிங்கன் புதிதாக அரியணையில் இருந்தார்.

இந்த இடத்தில் என் மருமகளைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். புதிய அரசர் மதுரை நாயக்கர் வழியில் வந்தவர். சிங்கள இலக்கியத்தில் ‘அசதிச தா கவ’ என்ற காவியத்தை அவர் பெயரில்தான் சொல்கிறார்கள், புத்தரின் முற்பிறவிக் கதை ஒன்றைப் பாடும் காவியம். ஒரு பக்கம் ஜூனியஸ் என்று சந்தேகிக்கப்படும் கட்டுரைக்காரர், மறுபக்கம் கவி பாடும் அரசர். அந்தச் சந்திப்பை எந்த இலக்கிய வரலாறும் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. சேர்க்காததற்குக் காரணம் எளிது. அந்த அறையில் எந்த நூலும் வெளியாகவில்லை.

பேச்சு பலிக்கவில்லை. அரசர் தரப்பு சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன்னால், 1762இல், மெட்ராசிலிருந்து பைபஸ் என்றொரு தூதர் வந்தார், இனிக்க இனிக்கப் பேசினார், போனார், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள், உங்கள் கையிலும் கிழக்கிந்தியக் கம்பனிக்காரரின் கடிதம்தான். உடன்படிக்கை வேண்டுமென்றால் உங்கள் அரசரிடமிருந்து கடிதம் கொண்டுவாருங்கள். அரசருக்குக் கடிதம் எழுதியவர் என்று சந்தேகிக்கப்பட்ட மனிதரிடம், அரசரிடமிருந்து கடிதம் வாங்கி வா என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெறுங்கையோடு திருகோணமலைக்குத் திரும்பினார். இங்கிருந்து மெட்ராசுக்குக் கப்பல் ஏறியவரைக் கடலில் பிரெஞ்சுக்காரர் பிடித்து, தங்கள் வசமிருந்த போர்போன் தீவுக்கு (இன்றைய ரியூனியன்) கொண்டுபோனார்கள். சில மாதச் சிறை. விடுபட்டு மெட்ராஸ் சேர்ந்து, துறைமுக வேலை பார்த்து, ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகையை நடத்தி, பிறகு ‘ஹிர்காரா’ என்று சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கி அதில் கட்டுரைகள் எழுதினார். ஹர்காரா என்றால் ஓடிச் செய்தி கொண்டுபோகும் ஆள். 1794இல் தன் கண்டித் தூதுப் பயணத்தை நூலாக வெளியிடப்போவதாக அறிவித்துக் கையொப்பம் சேர்க்கத் தொடங்கினார். முன்பணம் கொடுத்துப் பெயர் பதிகிறவர்களை நம்பி அச்சிடுவது அந்தக் கால வழக்கம். எங்கள் பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியிலும் கையொப்பக்காரர் பெயர்கள் வரிசையாக இருக்கும். எழுதவும் தொடங்கிவிட்டார். அக்டோபர் 19ஆம் திகதி காய்ச்சல் வந்து இறந்துபோனார்.

நூல் வந்தது, 1800இல், லண்டனில். காம்பெல் என்ற நண்பர் அவருடைய எழுத்துகளை இரண்டு பாகங்களாகத் தொகுத்தார். தூதுப் பயணக் குறிப்பு அதற்குள் இருக்கிறது. ஜூனியஸ் இவரே என்று வாதாடும் முன்னுரையும் சேர்ந்தே வந்தது.

“1800” என்றாள் மருமகள். தன் தடித்த கோட்டைப் பார்த்தாள்.

“ஆம். பதினெட்டு ஆண்டு காத்திருந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது.”

தமிழுக்கு வந்தால் இந்தப் பட்டியல் இன்னும் மோசமாக வழுக்கும். அதே ஆண்டுகளில் எங்கள் புலவர்கள் சும்மா இருக்கவில்லை. பறாளை விநாயகர் பள்ளும் கல்வளை அந்தாதியும் பாடிய நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் 1780வரை இருந்தார். ஆனால் ஏட்டில் எழுதுகிற புலவருக்கு வெளியீட்டு ஆண்டு ஏது? கோயில் மண்டபத்தில் அறிந்தோர் முன் அரங்கேற்றினால் நூல் வெளிவந்துவிட்டது. விரும்பியவர் படி எடுத்துக்கொள்வார். படி எடுப்பவர் தூங்கி விழுந்தால் ஒரு செய்யுள் போய்விடும், புரூப் பார்க்க ஆள் இல்லை. எங்கள் மலைக்கோயிலின் வரலாறு சொல்லும் ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற நூல் அப்படித்தான் ஏடு ஏடாகக் கைமாறி வந்தது. போர்த்துக்கேயர் மலைக்கோயிலை இடித்த பிறகு மூர்த்தங்கள் காட்டு வழியாகத் தம்பலகாமத்துக்குப் போனதுபோலவே பாட்டுகளும் வயல்வெளிப் பக்கம் போய்விட்டன என்று நான் நினைப்பதுண்டு. தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் வெருகல் முருகன்மேல் பாடிய சித்திர வேலாயுதர் காதலும் ஏட்டில் வாழ்ந்துதான் அச்சுக்கு வந்தது.

எனக்கு மிகவும் வேண்டியவர் கூழங்கைத் தம்பிரான். ஒரு கை முடமானதால் அந்தப் பெயர். தமிழகத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்து பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்து, சைவத் தம்பிரானாகவே இருந்துகொண்டு யோசேப்பு புராணமும் பாடி, அதை பிலிப்பு தெ மெல்லோ என்ற தமிழ்ப் பாதிரியாருக்கு அர்ப்பணித்தவர். 1795இல் இறந்தார், ஆங்கிலேயர் இங்கே கோட்டையைப் பிடித்த அதே ஆண்டு. நன்னூலுக்கு அவர் எழுதிய உரை எப்போது அச்சானது என்று மருமகளைக் கேட்டேன். 1850 என்றாள், 1900 என்றாள்.

1980. அதுவும் ஜெர்மனியில்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கும் முதன்முதலில் அதைக் கண்டபோது அப்படித்தான் இருந்தது.

அச்சு இல்லாமல் இல்லை. கொழும்பில் ஒல்லாந்தர் தமிழ் எழுத்தில் வேதப்புத்தகம் அடித்தார்கள். மெட்ராசில் வேப்பேரி மிஷனின் அச்சகத்தில் 1779இல் ஃபபிரிசியஸ் பாதிரியாரின் தமிழ்-ஆங்கில அகராதி வந்தது. அந்த அச்சியந்திரமே புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரிடமிருந்து அள்ளி வந்தது. சொற்களை அவ்வளவு கவனமாகச் சேர்த்த பாதிரியார் பணத்தில் ஏமாந்து, கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். ஆனால் அச்சு அன்றைக்குச் சபையின் கையிலும் கம்பனியின் கையிலும் இருந்தது, புலவர் கையில் இல்லை. எங்கள் ஊர்க்காரரின் கதைகள் அச்சேற இன்னும் நூறு ஆண்டு வேண்டியிருந்தது: 1891இல் இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’, 1895இல் சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’. அவை வேறொரு நாளைக்கு.

1779 என்ற ஆண்டை நான் மறக்காமல் இருப்பதற்கு அகராதி மட்டும் காரணமில்லை. அந்த ஜூன் மாதம் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில் ஒரு பாதிரியாரின் வீட்டில் எட்டாவது பிள்ளை பிறந்தது. பெயர் சார்ள்ஸ். அவனுடைய மூன்றரை வயது அக்காவின் பெயர் ஜேன். ஜேன் ஆஸ்டின்.

“எழும்பு, காட்டுகிறேன்” என்று சொல்லி ஓட்டோ பிடித்தேன்.

மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வெள்ளைக்காரச் சவக்காலையை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. உள்ளே போனவர்தான் குறைவு. சின்ன வயதில் கிரிக்கெட் பந்து உள்ளே விழுந்தால் எடுக்க ஓர் ஆளைச் சீட்டுக் குலுக்கித்தான் அனுப்புவோம். பேய்ப் பயம் ஒரு பக்கம், புல்லுக்குள் பாம்புப் பயம் மறுபக்கம். நானும் இரண்டு தடவை பந்து எடுத்திருக்கிறேன். ஜேன் ஆஸ்டினின் தம்பியைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன் என்பது ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

சார்ள்ஸ் பன்னிரண்டு வயதில் கடற்படைப் பள்ளிக்குப் போனார். 1801இல் பிடிபட்ட கப்பலின் பரிசுப் பணத்தில் அக்காமார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவையும் தங்கச் சங்கிலியும் வாங்கினார். முதல் சம்பளத்தில் அக்காவுக்குச் சேலை எடுக்கும் எங்கள் வீட்டுப் பையன்களை நினைத்துக்கொண்டேன். கடைசியில் ரியர் அட்மிரலாகி, கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்று, இரண்டாம் பர்மியப் போரின்போது 1852 அக்டோபர் 7ஆம் திகதி ஐராவதி ஆற்றில், கப்பலிலேயே, வாந்திபேதியில் இறந்தார். வயது 73. உடல் இங்கே வந்தது. அக்கா இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

“இவர் எழுத்தாளர் இல்லையே, மாமா. ஜேன் ஆஸ்டினும் பட்டியலுக்கு வெளியே. முதல் நாவல் 1811தானே?”

வெளிவந்தது 1811. அவள் சொன்னது தாள்படி சரி. ஆனால் 1797 நவம்பரில் ஜேனின் தகப்பனார் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியைப் பற்றி லண்டன் பதிப்பாளர் கடெலுக்குக் கடிதம் எழுதினார். ‘எவலினா’ அளவு நீளமுள்ள நாவல், மூன்று பாகம், பார்க்கிறீர்களா என்று. வேண்டாம் என்ற பதில் மறு தபாலிலேயே வந்துவிட்டது. பிரதியை அனுப்பச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. அந்த நாவல் ‘முதல் பதிவுகள்’. அதுதான் திருத்தப்பட்டு 1813இல் ‘செருக்கும் தப்பெண்ணமும்’ ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அவள் பெயர் அச்சில் வந்ததே ஒரு கையொப்பக்காரராகத்தான்: 1796இல் ஃபனி பேர்னியின் ‘கமிலா’ வெளிவந்தபோது, முன்பணம் கொடுத்தவர் வரிசையில் ‘மிஸ் ஜே. ஆஸ்டின், ஸ்டீவன்டன்’.

அதற்கும் முன்னால், 1780களின் கடைசியில், பதின்ம வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஜேன் வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைக்கக் குட்டிக் கதைகள் எழுதினாள். அச்சுப் புத்தகம்போலவே ஒவ்வொன்றுக்கும் பகட்டான அர்ப்பணம். அவற்றில் இரண்டு ‘சார்ள்ஸ் ஜோன் ஆஸ்டின் எஸ்குவயர்’, அதாவது கனவான் அவர்களுக்கு. அந்த எஸ்குவயருக்குப் பத்து வயது இருந்தால் பெரிது. ஒரு கதையில் பார்க்கிற பெண்ணையெல்லாம் காதலிக்கும் ஒரு சீமான், செப்டெம்பர் முதலாம் திகதி கலியாணம் என்றதும், அது வேட்டை தொடங்கும் நாளாயிற்றே, கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறான்; பெண் கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். மற்றதில் மிஸ்டர் கிளிஃபர்ட் என்பவர் பாத் நகரிலிருந்து லண்டனுக்குப் புறப்படுகிறார். அவரிடம் எத்தனை வகை வண்டி என்று ஜேன் மூச்சு விடாமல் அடுக்குகிறாள். இரட்டைக் குதிரை, நாலு குதிரை, மூடியது, திறந்தது என்று போய், கடைசியில் ஒரு தள்ளுவண்டி. இவ்வளவு வண்டி வைத்திருப்பவர் ஆமை வேகத்தில் போய், வழியில் ஓவர்ட்டன் சத்திரத்தில் காய்ச்சலில் மாதக்கணக்கில் படுத்துவிடுகிறார். இரண்டுமே முற்றுப்பெறாத கதைகள், ஜேனே அப்படித்தான் தலைப்பில் எழுதியிருக்கிறாள். அந்தக் கையெழுத்துக் கொப்பி அச்சானது 1933இல்.

மருமகள் தன் தாளை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். மதிலில் வைத்து விரித்து, இடப்பக்கம் இருந்த ‘ஆண்டு’ என்ற தலைப்பை அடித்துவிட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தாள். எழுதியது, வெளிவந்தது. பொய்ட்டுக்கு 1782, 1800. தம்பிரானுக்கு முதல் பத்தியில் ‘1795க்கு முன்’, இரண்டாவதில் 1980. அரசரின் காவியத்துக்கு முதல் பத்தியில் ‘1798க்கு முன்’ என்று எழுதினாள், அவர் இறந்த ஆண்டு அது. பேனா அங்கே நின்றது.

“எங்கள் விரிவுரையாளர் இதை ஒப்புக்கொள்வாரா?”

“முன்பு போட்ட கோட்டையும் விட்டுவை. இரண்டையும் கொடு.”

படலை பூட்டியிருந்தது. திறப்பு யாரிடம் என்று பக்கத்தில் விசாரித்ததற்கு ஆளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். கம்பிக்கு வெளியே நின்றே எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டினேன். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு மான்கள் எங்களைச் சட்டை செய்யாமல் மதிலோரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. வெயில் ஏறிவிட்டது. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டு ஒழுங்கை திரும்பும்போதுதான் கேட்டாள்.

“மாமா, கிளிஃபர்ட் காய்ச்சலில் படுத்தபோது அந்தத் தள்ளுவண்டியை யார் தள்ளிக்கொண்டு வந்திருப்பார்?”